கடற்கரைக் கோடை வீடும் என் சீதன வீடும்

லண்டன் மோர்டனில் எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமிருக்காது. கட்டடங்களுக்குப் படம் கீறுவது என் கணவரின் உத்தியோகம். தாள்கள் எல்லாம் அங்கேதான் விரிந்து கிடக்கும். எண்பதுகளின் கடைசியில் அவர் வேலை செய்த கந்தோர், கென்ட் கடற்கரையில் பாழாய்க் கிடந்த ஒரு விக்டோரியா காலத்துக் கோடை வீட்டைத் திருத்த எடுத்தது.

இரும்புப் பூவேலை போட்ட விறாந்தை, மாடிப்படி யன்னலில் நிறக் கண்ணாடி, கப்பல் பார்க்க உச்சியில் ஒரு சின்னக் கோபுரம். ரயில் பாதை போட்ட புதிதில் லண்டன் சவர்க்கார வியாபாரி ஒருவன் கட்டியதாம். கோடைக்கு மட்டும் வந்து காற்று வாங்க இவ்வளவு எடுப்பு! பிறகு விடுதியாகி, உலக யுத்தத்தில் பட்டாளம் இருந்து, கடைசியில் புறா அடைகிற இடமாகிப் போனது. சமையல் மணம் மேலே வரக்கூடாதென்று குசினியை நிலத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். வேலைக்காரருக்குத் தனிப் படி, கூப்பிட மணி. என் கணவர் அங்கே முழங்காலில் நின்று அடுப்பு வாயைக்கூட அளந்து வந்தார்.

"இதுதான் வீட்டின்ரை உயிர்" என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

அந்த நேரம்தான் ஊரிலிருந்து செய்தி வந்தது. ஷெல் விழுந்து என் சீதன வீடு தரைமட்டம். ஓடி வந்தபோது அதன் போட்டோ ஒன்றுகூட நான் எடுத்து வரவில்லை. அழுது முடிய அவரிடம் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, என்ரை வீட்டையும் ஒருக்காக் கீறித் தாங்கோ. பாக்கவாவது கிடக்கட்டும்."

"அதுக்கென்ன, கீறித் தாறன்."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து லண்டனுக்கு வரும்வரை அவர் இருந்தது அந்த வீட்டில்தான். ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து கீறினார். முன் விறாந்தை, ஹோல், சாமி அறை, அவருடைய சாய்மனைக் கதிரை போடும் இடம் எல்லாம் அச்சொட்டாக இருந்தன. பின்பக்கம் மட்டும் வெறும் சதுரம். அதற்குள் அழகான எழுத்தில் 'குசினி' என்று எழுதியிருந்தார்.

"அடுப்பு எங்கை? யன்னல் எங்கை?" என்றேன்.

"எனக்கென்னெண்டு தெரியும்? நான் மாப்பிள்ளையெல்லே, குசினிப் பக்கம் வாறதில்லைத்தானே." பெருமையாகத்தான் சொன்னார்.

உண்மைதான். மாப்பிள்ளை அடுப்படிக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு மரியாதையில்லை. தேத்தண்ணி கதிரைக்குப் போகும், சோறு மேசைக்குப் போகும். கொண்டுபோனது நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ ஒரு சவர்க்காரக்காரனின் வேலைக்காரி வேர்த்த இடத்தில் முழங்காலில் நின்று அளந்த மனுசன், நான் வேர்த்த இடத்தை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

பென்சிலைப் பறித்து அடுப்பை நானே கீறினேன். கோணலாக வந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அளவு பிழை" என்றார்.