பிம் ஏறிய இரண்டு மலைகள்

1993 ஆகஸ்ட் மாதம், இரண்டாவது சனிக்கிழமை. காலை ஆறே முக்காலுக்குச் சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வாடகை வீட்டிலிருந்து மூன்று பேராக மலையேறக் கிளம்பினோம். நான், என் கணவர் தனசேகர், அவர் சட்டைப் பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த பிம்.

பிம் ஒரு கம்பளித் துணி பொம்மை. உள்ளங்கை நீளம். பழுப்பு உடம்பு, வட்டக் காது, குட்டை வால், முதுகில் தீப்பெட்டி அளவு மூட்டை, இடுப்பில் சுற்றிய ஒரு கயிறு. என்ன பிராணி என்பதில்தான் குழப்பம். எனக்கு எலி மாதிரி இருந்தது. கணவர் கீரிப்பிள்ளை என்றார்.

பத்து நாள் முன்பு ஸ்காட்லாந்திலிருந்து பார்சலில் வந்தது. முகவரி எங்களுடையது, பெயர் எங்களுடையது அல்ல. ரூத் என்று போட்டிருந்தது. எங்களுக்கு முன்னால் அதே வீட்டில் குடியிருந்த டீச்சராம். வீட்டுக்காரரைக் கேட்டேன். "அவங்க காலி பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சேம்மா. எந்த ஊருக்குப் போனாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பொம்மையோடு ஒரு நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் விதிமுறை: என்னை உங்கள் ஊர் மலைகளில் ஏற்றுங்கள், மலையின் பெயரையும் உயரத்தையும் எழுதுங்கள், கடைசிப் பக்கத்திலுள்ள அடுத்த முகவரிக்கு அனுப்புங்கள். அதற்குப் பின் பல கையெழுத்துகளில் பல நாட்டு மலைகள். ஒருவர் பிம்மைப் பதினான்காயிரம் அடிக்குக் கொண்டுபோயிருந்தார். யார் இவர்கள், எதற்காக இப்படி ஒரு வேலை, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, ஒன்றும் எனக்குப் புரியவில்லை. போஸ்ட் ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

கணவர் பதில் சொல்லவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. அவர் பேசுவதையே குறைத்திருந்தார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பதினோரு வருஷம் லேத் மெஷினில் இரும்பு கடையும் டர்னர். ஏப்ரலில் ஒருநாள் போனபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. முதல் மாதம் வேலை தேடி அலைந்தார். அப்புறம் அலைவதை நிறுத்தினார். பால் பூத்துக்குக்கூடப் போகமாட்டார். தெருவில் யாராவது "இன்னிக்கு லீவா சார்?" என்று கேட்டுவிடுவார்களாம். நான் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் எட்டு மணி ரயிலுக்கு ஓடும்போதும், மாலை ஆறரைக்குத் திரும்பும்போதும் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அந்த மனிதர் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்த நோட்டை வரி வரியாகப் படித்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டார்: "கோமதி, நம்ம பக்கத்துல மலைன்னு எதைச் சொல்லலாம்?"

நாலு மாதத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி. எனக்குக் கையில் சோறு அப்படியே நின்றது. "திருநீர்மலை இருக்கு. குன்றத்தூர் இருக்கு," என்றேன்.

காலை ஏழே கால். குரோம்பேட்டை ரயில் பாதையைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து திருநீர்மலை பஸ் ஏறினோம். ஆளுக்கு ஒன்றேகால் ரூபாய். கண்டக்டர் கணவரின் சட்டைப் பையைப் பார்த்தார்.

"இன்னா சார், எலிக்கி டிக்கெட் வாணாமா?"

பஸ்ஸே சிரித்தது. இவர் முகம் சுண்டிவிடும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்பார் என்று பயந்தேன். அவரோ நிதானமாக, "அது கைக்குழந்தைங்க. டிக்கெட் கிடையாது," என்றார். முன் சீட்டில் தாயின் தோளில் கிடந்த ஒரு குழந்தை, "கரடி, கரடி," என்றது. பிம் எலியா கரடியா என்று தெரியாமலே நான்கு கிலோமீட்டர் கடந்தோம்.

காலை எட்டு மணி, திருநீர்மலை. குளம் பாதி வற்றிக் கிடந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் எல்லாக் குளமும் அப்படித்தான். அடிவாரக் கோவிலைத் தாண்டினால் மலைக்குப் படிக்கட்டு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது கணவர் முதல் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல்.

"என்னங்க பண்றீங்க?"

"உயரம் எழுதணும்ல? ஒரு படி எவ்வளவுன்னு பார்த்துட்டா, படியை எண்ணிப் பெருக்கிடலாம்."

"யாரையாவது கேட்டா சொல்லப் போறாங்க."

"கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அளந்தா ஒண்ணுதான் வரும்."

அளந்தும் ஒன்று வரவில்லை. ஒரு படி ஆறங்குலம், அடுத்தது ஏழு, அதற்கடுத்தது தேய்ந்து ஆறேகால். ஸ்கேல் ஆறங்குலம்தான் என்பதால் மிச்சத்தை விரல் வைத்துக் குறித்து மறுபடி அளந்தார். இறங்கி வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். ஒருவர், "அரசாங்கத்துல புதுப் படி கட்டப் போறாங்களா சார்?" என்று கேட்டார். பத்துப் படி அளந்து சராசரி ஆறரை அங்குலம் என்று முடிவானது. பிறகு எண்ணிக்கொண்டே ஏறினோம். உச்சியில் அவர் கணக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது. என் கணக்கு இருநூற்றிரண்டு.

"நீ எங்கயோ ரெண்டு தரம் எண்ணிட்டே."

"நீங்கதான் அளந்துக்கிட்டே வந்ததுல விட்டுட்டீங்க."

மறுபடி இறங்கி ஏற எனக்குத் தெம்பில்லை. இருநூறு என்று வைத்துக்கொண்டோம். நோட்டின் பின்னட்டையில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "நூத்தியெட்டு அடி நாலு அங்குலம்," என்றார். அருகில் நின்ற பட்டர் சிரித்துவிட்டார். "நூத்தெட்டு திவ்ய தேசத்துல இது ஒண்ணு. நீங்க அளந்து வேற பாத்துட்டேளா?"

பதினான்காயிரம் அடிக்குக் கீழே நூற்றெட்டு அடி என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இல்லை. "நாலு அங்குலத்தையும் எழுது," என்றார்.

உச்சியில் ஆடிக் காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. கிழக்கே பல்லாவரம் மலை, அதற்கு இப்பால் குரோம்பேட்டைத் தென்னைகள், வடக்கே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம். ஆபீசில் இரவல் வாங்கிய காமிராவில் மூன்று படம்தான் மிச்சம். பிம்மைக் கைப்பிடிச் சுவரில் உட்காரவைத்து ஒன்று எடுத்தேன்.

காலை பத்து மணி. அடிவாரத்தில் ஆட்டோ பிடித்தோம். குன்றத்தூருக்கு நாற்பத்தைந்து ரூபாய் கேட்டார் டிரைவர். எங்களுக்கு அது பெரிய தொகை. ஆனால் கணவர் பேரம் பேசியது வேறு விஷயத்துக்கு.

"அனகாபுத்தூர் வழியா போங்க."

"அது சுத்து சார். ரோடெல்லாம் பள்ளம், ஒரே பேஜாரு. திருமுடிவாக்கம் வழியா போனா நேரா கீது."

"பரவாயில்ல. அனகாபுத்தூர் வழியாவே போங்க."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். பதினோரு வருஷம் சைக்கிள் மிதித்த வழியில் இப்போது ஆட்டோவில்கூடப் போக முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது. அப்படியிருக்க, குன்றத்தூர் மலைக்கு ஏன் ஒத்துக்கொண்டார் என்பது மட்டும் புரியவில்லை. மேலே ஏறினால் திருமுடிவாக்கம் தெரியத்தானே செய்யும்?

காலை பத்தே முக்கால், குன்றத்தூர். பூக்காரம்மா பிம்மைப் பார்த்துவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "வேண்டுதலாம்மா? தொட்டில் வாங்கலையா?" எங்களுக்குக் குழந்தை இல்லை. இது வேண்டுதல் இல்லை என்று சொன்னால் பின்னே என்ன என்று சொல்ல வேண்டும். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? ஆமாம் என்று சொல்லி ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டேன்.

இங்கே எண்ணிக்கையில் சண்டை வரவில்லை. எண்பத்துநான்கு. இருவருக்கும் ஒன்றே. முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி, வற்றி உள்வாங்கிய தண்ணீர் ஒரு கோடாக மின்னியது. நான் பிம்மை அந்தப் பக்கமாக வைத்து ஒரு படம் எடுத்தேன். திரும்பினால் கணவர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தொழிற்பேட்டைக் கூரைகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன.

"நம்ம ஷெட் தெரியல, கோமதி."

"தூரம்தானே, தெரியாது."

"தண்ணித் தொட்டி தெரியுதே. அதுக்குப் பக்கத்துல பச்சைக் கூரை. இந்தப் படியிலேர்ந்து எத்தனை தரம் பார்த்திருக்கேன். தொட்டி இருக்கு, கூரையைக் காணோம்."

எனக்கு எல்லாக் கூரையும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு உயரத்தைக்கூட எழுதாமல் படியிறங்க ஆரம்பித்தார். பிம்மை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கீழே வந்ததும் காத்திருந்த அதே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "திருமுடிவாக்கம் போங்க," என்றார். டிரைவர் மறுபடி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

பகல் பன்னிரண்டு. மூன்று, மூன்றரை கிலோமீட்டர். தகரம் வெட்டும் சத்தமும் வெல்டிங் புகை நாற்றமுமாக அந்தத் தெரு இருந்தது. கணவரின் பழைய பட்டறைக்குச் சுவர் மட்டும் நின்றது. கூரைத் தகடுகளைக் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். உள்ளே வெயில் நேராகத் தரையில் விழுந்தது. இயந்திரங்கள் நின்ற இடங்களில் எண்ணெய்க் கறை மட்டும் சதுரம் சதுரமாக இருந்தது. கேட்டில் பழைய வாட்ச்மேன் துரை உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சேகரு! நாலு மாசமா ஆளையே காணோம்?"

"மெஷின்லாம் எங்கண்ணா?"

"வித்துட்டாங்கப்பா. அல்லாத்தையும் லாரில ஏத்தினு பூட்டாங்க. உன் லேத்து மட்டும் எதிர் ஷெட்டுல கீது. அந்த அம்மா வாங்கிச்சி. வாங்கின நாள்லேர்ந்து அத்தோட மல்லுகட்டினு கீது."

எதிர் ஷெட்டை நடத்தியவர் சகாயமேரி என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையில் ஓர் இரும்புத் தண்டை வைத்துக்கொண்டு வேலையாளைத் திட்டிக்கொண்டிருந்தார். கணவர் வாசலிலேயே நின்றார். உள்ளே போகலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இருவரும் மலையேறிய தூசியோடு, நான் கையில் பூவும் பொம்மையுமாக, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வழி தவறி வந்தவர்கள் மாதிரி நின்றோம்.

"யாருங்க, என்ன வேணும்?" என்றார் சகாயமேரி.

கணவர் அவர் கையிலிருந்த தண்டைப் பார்த்தார். "அந்த ஷாப்ட்டு ஒரு பக்கம் பெருசா, ஒரு பக்கம் சிறுசா வருதாங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் தண்டைத் தாழ்த்தினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சு. மெஷினைத் தூக்கி வச்சப்ப ஒரு கால் சரியா உக்காரல. மெஷினோட படுக்கை முறுக்கியிருக்கு. நீங்க வெட்டுற கருவியை மாத்திக்கிட்டே இருந்தா சரியாகாது. தப்பு அங்க இல்ல."

"நீங்க பார்ப்பீங்களா?"

"மட்டம் பார்க்கிற லெவல் இருக்கா? ரெண்டு மெல்லிசுத் தகடு வேணும்."

சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு பனியனோடு தரையில் படுத்தார். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். தகடு வைப்பதும், போல்ட்டை இறுக்குவதும், எழுந்து லெவலைப் பார்ப்பதும், மறுபடி படுப்பதுமாக இரண்டு மணி நேரம் போனது. சகாயமேரி டீ வாங்கித் தந்தார். "இது என்னம்மா, பன்னிக்குட்டியா?" என்று பிம்மைக் காட்டிக் கேட்டார். தெரியாது என்றேன்.

மூன்று மணிக்கு ஒரு தண்டைக் கடைந்து, இரண்டு முனையையும் அளந்து பார்த்தார்கள். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி இன்னொரு தரம் அளந்தார். அடுத்த தண்டை எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

எனக்கு எழுந்திருக்க வேண்டியிருந்தது. "அஞ்சரைக்குத் தண்ணி லாரி வந்துடும்," என்றேன்.

"நீ போ. நான் இதை முடிச்சிட்டு வரேன்," என்றார், திரும்பாமலே. 'இது' என்றால் எது? ஒரு தண்டா, ஒரு நாளா? கூலி உண்டா, உதவியா? அந்த அம்மாளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மூன்று மாதம் வாசலைத் தாண்டாதவரை இப்படி ஒரே நாளில் விட்டுவிட்டுப் போகலாமா என்று எனக்குப் பயமாகவும் இருந்தது. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, பிம்மைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பல்லாவரம் வரை பஸ், அங்கிருந்து குரோம்பேட்டைக்கு ஒரு ஸ்டேஷன் ரயில். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காமிராவில் ஒரு படம் மிச்சமிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதை எடுத்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை. அடுத்த வாரம் பிம்மைக் கடைசிப் பக்கத்திலிருந்த நியூசிலாந்து முகவரிக்கு அனுப்பினோம். யாரும் பதில் போடவில்லை. அது என்ன பிராணி என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மாலை ஐந்தே கால். வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். பூட்டியிருந்தது. சாவி அவர் சட்டைப் பையில். மூன்று மாதமாக எந்நேரமும் ஆள் இருந்த வீடு. சாவி என்று ஒன்று எனக்கு வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. லாரி வரும் சத்தம் தெருமுனையில் கேட்டது. குடமெல்லாம் உள்ளே.

பக்கத்து வீட்டு வசந்தா அக்கா இரண்டு குடத்தோடு வெளியே வந்தார். "ஏன் கோமதி நிக்கிற? நல்லா தட்டு. சார் தூங்குறாரோ என்னமோ."

"அவர் வேலைக்குப் போயிருக்கார் அக்கா. ஒரு குடம் குடுங்களேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது நிஜமா பொய்யா என்று யோசித்தேன். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு குடத்தை நீட்டினார்.

நிறைத்த குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு வந்தார். முழங்கை வரை கருப்பு. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். கேட்க எனக்குப் பத்துக் கேள்வி இருந்தது. எதை முதலில் கேட்பது என்று குழம்பி நின்றபோது, உள்ளே போனவர் திரும்பி வந்து குடத்தைத் தூக்கினார்.

"திங்கக்கிழமை எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிடு," என்றார்.