மூக்கம்மாளின் படப்பெட்டி

காய்ந்த ரொட்டித் துண்டை உள்ளங்கையில் நொறுக்கி, படத்தின் மேல் மாவு போலத் தூவி, மூன்று விரலால் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறாள் மூக்கம்மாள். வெள்ளையாக விழுந்த துகள் அழுக்கை வாங்கிச் சாம்பல் நிறமாகித் திரள்கிறது. வாயால் ஊதினால் எச்சில் தெறித்துவிடும் என்று கோழி இறகு ஒன்றால் அதை ஓரத்துக்கு ஒதுக்குகிறாள். கீழே ஒரு கடற்கரை தெளிகிறது. மஞ்சள் மணல், கோடு போட்ட துணி நாற்காலி, அதில் தொப்பி வைத்த ஒரு பெண். இங்கிலாந்து ரயில்காரர்கள் ஸ்டேஷன் சுவர்களில் ஒட்டுவதற்காக அச்சடித்த விளம்பரம் அது. இப்போது இடுக்கி மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டுச் சிமெண்டுத் தரையில் கிடக்கிறது.

"நானும் பத்து வருசமா பாக்கேன். இவ கடலையே பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு நாளாச்சும் எந்திரிச்சுப் போயிக் காலை நனைச்சாளான்னா, இல்ல" என்கிறாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புகார் சொல்லும் குரலில்.

ஐம்பதை நெருங்கும் வயது. ஒடிசலான உடம்பு. மேனேஜர் பங்களாவும் துரைமார்களின் கிளப்பும் கூட்டிப் பெருக்கும் வேலை. ரொட்டியால் அழுக்கெடுக்கும் வித்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பங்களா பட்லர் செல்லத்துரை. மற்றதெல்லாம் அவளாகக் கண்டுகொண்டது. படத்தைத் தொடும் முன் சாம்பல் போட்டுக் கை கழுவி, அடுப்பின் மேல் காட்டி ஈரம் போக்கிக்கொள்வாள். தாளை முகர்ந்து பார்த்தே பூஞ்சை பிடிக்கப் போகிறதா என்று சொல்லிவிடுவாள். அடிவாரத்தில் இருக்கும் கம்பம் ஊருக்கு யார் இறங்கினாலும் வேப்பிலை கொண்டுவரச் சொல்வாள். படத்துக்குப் படம் நடுவே பூச்சி வராமலிருக்க வைப்பதற்கு.

படங்கள் இருப்பது தேயிலைப் பெட்டியில். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. பேக்டரியில் மூலை உடைந்து கழித்துப் போட்டதை அவள் புருஷன் பெரியமுத்து தலையில் தூக்கி வந்து ஆணியடித்துக் கொடுத்தார். அடுப்புக்கு மேலே பரணில், புகையின் கதகதப்பில் அது இருக்கிறது. தேயிலைக்கே ஈரம் ஏறாத பெட்டியில் காகிதத்துக்கு ஏறுமா என்பது அவள் கணக்கு.

லயத்தில் மற்ற வீடுகளின் சுவரெல்லாம் காலண்டரும் நாளிதழும். குளிருக்கு அடக்கமாக இருக்குமென்று ஒட்டுவார்கள். அவள் வீட்டுச் சுவர் மொட்டையாக இருக்கும். "ஒட்டிட்டா அது செவுத்துக்குச் சொந்தம். பெட்டியில இருந்தாத்தான் நமக்குச் சொந்தம்" என்பாள்.

எழுத்து வாசிக்கத் தெரியாததால் படங்களுக்கு அவளே பெயர் வைத்திருக்கிறாள். பனி மூடிய மலை 'உப்புமலை'. புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும் ஆலைப் படம் 'நம்ம பேக்டரிக்கு அண்ணன்'. துறைமுகத்தில் தலையில் துணி கட்டிக்கொண்டு மீனைக் கீறும் பெண் 'மீன்காரி'. அந்த மீன்காரியைத் தூக்கிப் பிடித்தால் மட்டும் மூக்கம்மாளின் குரல் தணியும். "கையப் பாருங்க. தண்ணியிலயே கெடந்து செவந்து போன கை. இது நம்ம கை."

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த காலத்தில் லண்டன் ஓவியர்கள் பள்ளிக்கூடங்களுக்கும் ரயில்களுக்கும் கம்பெனிகளுக்குமாக வரைந்து, கல்லிலும் தகட்டிலும் வண்ணம் வண்ணமாக அச்சேற்றிய தாள்கள் அவை. ஊர் நினைப்பில் துரைமார்கள் கொண்டுவந்து பங்களாச் சுவர்களில் மாட்டினார்கள். மலையின் ஈரம் இரண்டு மழைக்காலத்தில் அவற்றைப் புள்ளி புள்ளியாக அரித்தது. ஒரு துரை ஊருக்குத் திரும்புவார். அடுத்து வரும் துரைசாணி பழசையெல்லாம் கழற்றிப் பின்வாசலில் போடச் சொல்வாள். அந்தப் பின்வாசலில் துடைப்பத்துடன் மூக்கம்மாள் நிற்பாள். இருபது வருஷமாக நின்றிருக்கிறாள்.

எதற்காக என்று யார் கேட்டாலும் "சும்மாத்தான்" என்பாள். புருஷனுக்கும் அதே பதில்தான்.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள், சின்னத்தாயி. கொழுந்தெடுக்கும் வேலை. ஐம்பத்து மூன்றாம் வருஷம் லண்டனிலிருந்து படம் வரைகிற துரைசாணி ஒருத்தி வந்து மேனேஜர் பங்களாவில் தங்கினாள். தேயிலை விற்கிற விளம்பரத்துக்குக் கொழுந்தெடுக்கும் பெண்களை வரைய வந்தவள். பங்களாவில் பெருக்கிக்கொண்டிருந்த மூக்கம்மாள்தான் தங்கையைக் கூட்டிப் போய் அவள் முன்னால் நிறுத்தினாள். இரண்டு காலைப்பொழுது சின்னத்தாயி கூடையோடு நின்றாள். துரைசாணி தாள் மாற்றி மாற்றிக் கரிக்குச்சியால் கிறுக்கினாள். இது பெரிய தாளில் அச்சாகி லண்டன் ரயிலடியில் எல்லாம் தொங்கும் என்று பட்லர் எடுத்துச் சொன்னபோது சின்னத்தாயி சிரித்துவிட்டாள்.

"ரயிலுக்குப் போறவுக என்னைப் பாத்து என்னக்கா செய்யப் போறாவ? வண்டியத் தவற விட்றாம இருந்தாச் சரி."

மூன்று வருஷம் கழித்து ஆடி மழையில் ஒரு தேயிலைக் காட்டுச் சரிவு அப்படியே இறங்கியது. அங்கே கொழுந்தெடுத்து மண்ணுக்குள் போனவர்களில் சின்னத்தாயியும் இருந்தாள். ஆள் பற்றாமல் பங்களா ஆட்களையும் கொழுந்துக்கு அனுப்பிய அன்று, காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்த மூக்கம்மாள் தப்பினாள். தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள். கூடை கிடைத்தது, தங்கை கிடைக்கவில்லை. வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்தது சின்னத்தாயியின் பெண் குழந்தை, சோலை. தகப்பன் வேறு எஸ்டேட்டுக்குப் போய் வேறு குடும்பம் கட்டிக்கொண்டான். பிள்ளையில்லாத மூக்கம்மாள் அதை எடுத்துக்கொண்டாள்.

சின்னத்தாயியை யாரும் போட்டோ எடுத்ததில்லை. முகம் இருந்தது உலகத்தில் ஒரே இடத்தில்தான், அந்தத் துரைசாணியின் படத்தில். லண்டனில் அச்சானால் லண்டன்காரர்கள் இங்கே கொண்டுவந்து மாட்டாமலா போவார்கள் என்று மூக்கம்மாள் நினைத்தாள். அப்படித்தான் பின்வாசலில் நிற்கத் தொடங்கினாள். கிடைக்காமல் போய்விட்டால் பிள்ளைக்கு இன்னொரு முறை தாய் செத்த மாதிரி ஆகிவிடுமே என்று சோலையிடம் மூச்சுவிடவில்லை.

சின்ன வயதில் சோலை கேட்டுக்கொண்டே இருப்பாள், எங்கம்மா எப்படி இருப்பா என்று. ஒன்ன மாதிரிதான் என்பார்கள் சிலர். ஒனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்ல என்பார்கள் சிலர். மூக்கம்மாளுக்கே நாள்பட நாள்படத் தங்கையின் முகம் குழம்பிக்கொண்டு வந்தது. நினைத்துப் பார்க்கும்போது சோலையின் கண்ணும் மூக்கும் குறுக்கே வந்து நின்றன.

ஒன்பது வயதுக்கு மேல் சோலை கேட்பதை விட்டுவிட்டாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மழைக்காலச் சாயங்காலம் காற்றில் கூரைத் தகரம் பறந்துவிட்டது. வீட்டுக்குள் மழை கொட்டியது. பாயில் காய்ச்சலோடு கிடந்தது பிள்ளை. மூக்கம்மாள் முதலில் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கி, கட்டிலுக்கடியில் தள்ளி, அதன் மேல் கம்பளியைப் போட்டாள். பிறகுதான் பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே நனைந்தது. வளர்ந்த பிறகு எப்போது சண்டை வந்தாலும் சோலையின் வாயில் அதுதான் வந்தது. "ஊருப்பட்ட வெள்ளக்காரி படமெல்லாம் நனையாம வச்சிருக்க. நாந்தான் நனைஞ்சேன்."

எழுபத்தாறில் கடைசித் துரையும் கிளம்பினார். தோட்டம் கை மாறியது. புது மேனேஜருக்காகப் பங்களாவை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் பழைய திரைச்சீலை, பிரம்பு நாற்காலி, துருப்பிடித்த கோல்ப் மட்டை எல்லாம் எரிப்பதற்குக் குவிந்து கிடந்தன. சோலைக்கு ஆனைக்கரையில், ஏலக்காய் ஸ்டோரில் வேலை செய்கிற பையனைப் பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த நேரம்.

"மூக்கம்மா, ஒரு குருதப் படம் கெடக்கு. கண்ணாடி ஒடஞ்சுட்டு. ஒனக்கு வேணுமா?" என்றார் செல்லத்துரை.

"வேணும் அண்ணாச்சி."

கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிவிட்டு, சட்டத்தின் பின்புறம் இருந்த சிற்றாணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். குதிரைப் படம் வழுவழுவென்று வந்தது. அதற்குப் பின்னால், பலகைக்கும் படத்துக்கும் இடையில் அணைவுக்காக நான்காக மடித்து வைத்த ஒரு பெரிய தாள் இருந்தது. பிரித்தாள். பச்சை. இளம்பச்சை, கரும்பச்சை, அதற்கும் மேலே ஒரு பச்சை என்று மலைச்சரிவு, சீப்பால் வாரிவிட்டது போல வரிகள். வரிகளுக்கு நடுவே கூடை சுமந்த ஏழெட்டுப் பெண்கள். கீழே பெரிய வெள்ளை எழுத்து.

"டீ குடிங்கன்னு போட்டுருக்கு" என்று வாசித்தார் செல்லத்துரை.

மூக்கம்மாள் மண்டியிட்டு உட்கார்ந்து தாளருகே முகத்தைக் கொண்டுபோனாள். ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தாள். கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாற்போல முக்காட்டுக்குள் ஒரு பழுப்பு வட்டம். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. எவளுக்குமே இல்லை.

"அந்தத் துரைசாணிப் பொட்டச்சி ரெண்டு நாளு நிறுத்தி வச்சுப் பாத்தாளே அண்ணாச்சி" என்றாள். "கண்ணு மூக்கு வைக்க எம்புட்டு நேரம் ஆயிரும்?"

செல்லத்துரைக்கு விஷயம் புரியவில்லை. "அந்தக் காலத்துல அவங்க படமெல்லாம் அப்படித்தான். அதுதான் அழகுன்னு வரைஞ்சாங்க" என்றார்.

அவள் தாளை மடிக்கப் போனாள். மடிப்பு விழும் இடத்தில் ஓரமாக நின்ற ஒருத்தி கண்ணில் பட்டாள். மற்றவர்களெல்லாம் குனிந்து கிள்ளிக்கொண்டிருக்க, இவள் மட்டும் நிமிர்ந்து நின்றாள். பாரம் முழுவதும் வலது காலில். இடது முழங்கால் லேசாக மடிந்திருந்தது. இடது புறங்கையை இடுப்பில் குத்தி, முழங்கையை வெளியே தள்ளி, யாரோ எதையோ சொல்லி அதை நம்பாதவள் போல நின்றாள். சின்னத்தாயி அப்படித்தான் நிற்பாள். கங்காணி ஏசும்போதும் அப்படித்தான், மாப்பிள்ளை பார்க்க வந்தபோதும் அப்படித்தான். "நேரா நில்லுட்டி" என்று அம்மா தலையில் தட்டியது மூக்கம்மாளுக்குக் காதில் விழுந்தது. குவித்த குப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, இருபது வருஷம் அழாததை அழுதாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தவள் சோலையிடம் காட்டவில்லை. முகமில்லாத தாயை எப்படிக் காட்டுவது? ரொட்டியால் துடைத்தாள், மடிப்பை நீவினாள், பெட்டிக்குள் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம், மத்தியானம், பெரியமுத்து பேக்டரிக்குப் போயிருந்த நேரம், அதைத் தரையில் விரித்து மூலைக்கொரு டம்ளரை வைத்தாள்.

"ஏட்டி, இங்கன வா."

தகரப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்த சோலை எட்டிப் பார்த்தாள். "போறப்பவும் படமா பெரியம்மா?"

"இதுல ஒங்கம்மா இருக்கா."

சோலை கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். வந்து குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மொகத்தையே காணோம்."

"வைக்கல. வரைஞ்ச துரைசாணி யாருக்குமே வைக்கல."

"இதையா இத்தன வருசமும் தேடுன?"

"இதத்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கெடைக்கலன்னா?"

வெளியே லயத்து முற்றத்தில் யாரோ விறகு உடைக்கும் சத்தம். சோலை கேட்டாள், நிதானமாக, சண்டைக்கு இல்லாமல்: "தகரம் பறந்த அன்னைக்கு இது பெட்டியில இல்லயே?"

"இல்ல. கிளப்புலேர்ந்து ஒரு கட்டு கொண்டாந்திருந்தேன். ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பிரிக்க முடியாம இருந்துச்சு. அதுக்குள்ள அவ இருக்கான்னே நெனச்சுட்டேன். அவளத் தண்ணிக்குள்ள விட்டுட்டு ஒன்னைத் தூக்க மனசு வரல." மூக்கம்மாள் தாளைப் பார்த்தே பேசினாள். "மண்ணுக்குள்ள ஒருக்கா விட்டாச்சு."

"இருந்துச்சா?"

"ரயில் படந்தான் இருந்துச்சு."

சோலை எழுந்தாள். படத்தைச் சுற்றி நடந்து காலடிப் பக்கம் வந்து நின்று, மேலிருந்து பார்த்தாள். கோபமா, அழுகையா, அவளுக்கே தெரியாத முகம். இடது புறங்கை தன்னால் இடுப்பில் போய்க் குத்திக்கொண்டது. வலது காலில் பாரம் இறங்கியது.

"இதுல எங்கம்மா இருக்கான்னு நான் எப்படி நம்ப?" என்றாள்.

"அசையாத" என்றாள் மூக்கம்மாள். "அப்படியே நில்லு."

அவள் விரல் தாளின் ஓரத்தில் நிமிர்ந்து நின்றவளின் முழங்கையைத் தொட்டது. பிறகு தரையில் கையூன்றி எழுந்து வந்து, அதே விரலால் சோலையின் முழங்கையைத் தொட்டாள்.