குத்திப் பார்த்த சீஸ்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்று அடையாறு கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்தவுடன், "மேடம், உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கு" என்றேன்.

"அதைத்தான் சார் நாம விக்கிறோம்" என்றார் ரெஜினா மேடம்.

என் மூக்கின்மேல் குற்றமில்லை. இருபத்தாறு வருஷம் ஒரு பால் கம்பெனியின் லேபில் அதைப் பழக்கி வைத்திருந்தேன். பால் திரிகிற அறிகுறி தெரிந்தால் டேங்கர் லாரியைத் திருப்பி அனுப்புவது என் வேலை. ஐம்பத்து மூன்றாம் வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் வந்து சேர்ந்த இடத்திலோ, பாலை வேண்டுமென்றே திரியவைத்து, குளிரில் மாதக்கணக்கில் போட்டு, மேலே பூஞ்சை பூத்தால் சந்தோஷப்பட்டார்கள். திருப்பி அனுப்பிய லாரிகளின் சாபம் என்றாள் என் மனைவி.

ரெஜினா மேடம் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். இருபது வருஷம் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவர். கரும்பலகையை விட்டு வந்தும் குரல் வகுப்பை விட்டு வரவில்லை. கடையில் பன்னீர் தானாக விற்றுக்கொண்டிருந்தது. அவருடைய உயிர் மட்டும் கூல் ரூமில் சக்கரம்போல் உட்கார்ந்திருந்த இரண்டு சீஸ் வீல்களில் இருந்தது. ஒவ்வொன்றும் எட்டு கிலோ, ஆறு மாத வயது, அவர் தினமும் கையால் திருப்பிப்போட்டு உப்புநீரில் துடைத்து வளர்த்தவை.

"இந்த ரெண்டும் போகலைன்னா கூல் ரூம்ல பன்னீரை அடுக்கிடுவேன் சார். எனக்கு இவ்வளவுதான் வரும்னு ஒத்துக்க வேண்டியதுதான்."

என் பதவியின் பெயர் டேஸ்டிங் ரூம் மேனேஜர். பன்னீருக்கு அப்படி ஒரு மேனேஜர் தேவைப்படாது என்பதை அவர் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

2. ஊர் சுற்றிக் கற்றது

"நாலு இடம் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பினார். நகரத்தில் இரண்டு சீஸ் கடை, ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் ஓர் ஆட்டுப் பண்ணை, மலைமேல் ஒரு மாட்டுப் பண்ணை. சம்பளத்தோடு தின்னச் சொல்லி ஒருவரை அனுப்புவார்கள் என்பதை என் அப்பா நம்பாமலேயே போய்ச் சேர்ந்தார்.

முதல் கடையில் கறுப்பு ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி நகத்துண்டு அளவுக்குச் சீவிக் கொடுத்து, "பின்னாடி ஒரு நட்டி நோட், முந்திரி வாசனை மாதிரி, வருது பாருங்க சார்" என்றாள். வந்தது என்றேன். எனக்குப் பின்னாடி வந்தது பசி மட்டும்தான். ஆட்டுப் பண்ணையில் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பால் கொடுத்தவரின் எதிரில் குறை சொல்ல மனம் வரவில்லை. நன்றாக இருக்கிறது என்று அதனிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

மலையில்தான் விழுந்தேன். அந்தப் பண்ணைக்காரர் கைப்பிடி வைத்த ஒரு குழல் கம்பியை வீலுக்குள் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். அரிசி மண்டியில் மூட்டையைக் குத்தி மாதிரி எடுப்பார்களே, அதேபோல், விரல் நீளத்துக்கு உள்சதை வந்தது. கண்ணை மூடி முகர்ந்தார். நுனியைக் கிள்ளி வாயில் போட்டார். மீதியை அதே துளையில் செருகி, மேலே கட்டைவிரலால் தேய்த்து மூடினார். வீல் ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தது. அப்படி ஓர் அழகை நான் லேபில் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்த மறுநாளே ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்குப் படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னா சார் இது, மூட்டை குத்தற கம்பியா?" என்றார் பட்டறைக்காரர்.

"இல்லீங்க, சீஸைக் குத்தறது."

"அத்த ஏன் சார் குத்தணும்? அது இன்னா பண்ணிச்சு உன்ன?"

என்றாலும் எவர்சில்வரில் கண்ணாடிபோல் கடைந்து கொடுத்தார். நான் அதைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டு கடைக்குள் நடமாடினேன். ஒருமுறை அது என் விலாவைக் குத்தியது. அந்த எச்சரிக்கையை நான் புரிந்துகொள்ளவில்லை.

3. மாமி பார்த்தது

மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் வைத்தியநாதன் மாமாவும் அவர் மனைவி கமலா மாமியும் ஒரு புதன்கிழமை காலை வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷனில் சீஸ் கவுண்டர் வேண்டும் என்று கல்யாணப் பெண் கேட்டிருக்கிறாள். அந்தத் தொழிலில் சரி என்று சொல்வது மாமாவின் இலாகா. வேண்டாம் என்று சொல்வது மாமியுடையது.

மாமி முதலில் கேட்டது நாங்கள் எதிர்பார்த்த கேள்விதான். "பாலை எதை விட்டு உறைய வெக்கறேள்? கன்னுக்குட்டி வயத்துலேர்ந்து ஏதோ எடுப்பான்னு சொல்றாளே."

"அது இங்க கிடையாது மாமி. மைக்ரோபியல் ரென்னெட், சுத்த வெஜிடேரியன்" என்று மேடம் டப்பாவையே எடுத்துக் காட்டினார். மாமி லேபிளை இரண்டு தரம் படித்துவிட்டுத் தலையசைத்தார். கண்டம் தாண்டிவிட்டது என்று நான் நினைத்தேன்.

கம்பியை உருவினேன். முதல் வீலில் செருகினேன், சுற்றினேன், இழுத்தேன். கண்ணை மூடி, மூக்கை ஒட்டிப் பிடித்து ஆழமாக மூச்சு வாங்கினேன். வாங்கிய மூச்சை அதன்மேலேயே விட்டேன். நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அதே விரல்களால் மீதியைத் துளையில் செருகிக் கட்டைவிரலால் தேய்த்தேன்.

"பிரமாதம்" என்றேன்.

மாமி என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மிச்சத்தை என்ன பண்ணினேள்?"

"உள்ள காத்து போகாம அடைச்சேன் மாமி. உலகம் பூரா இப்படித்தான் பண்றாங்க."

"உலகம் பண்ணட்டும். இருநூறு பேருக்கு உங்க எச்சலையா நான் பரிமாறணும்?"

"வாயில வெக்கலையே, கிள்ளித்தானே..."

"மூக்குல வெச்சேளே."

இதில் பாதிக் காரணத்துக்கு நான் முழு லாரியைத் திருப்பியிருக்கிறேன். மாமா கார் சாவியைத் தேட ஆரம்பித்தார். ஆசிட் பாட்டிலைத் தட்டிவிட்ட மாணவனைப் பார்ப்பதுபோல் மேடம் என்னைப் பார்த்தார்.

மாமி வாசலில் திரும்பினார். "அந்த இன்னொண்ணு? அதை யாரும் தொடலையோன்னோ? அதைக் கட்டிக் குடுங்கோ."

நான் கட்டிக்கொடுக்கக் காகிதத்தை எடுத்துவிட்டேன். மேடம் தடுத்தார். "வேண்டாம் சார். மாமி, உள்ள எப்படி இருக்குன்னு பார்க்காம நான் தரமாட்டேன். கல்யாண வீட்டுக்குப் போறது. நல்லா இல்லைன்னா உங்க பேரும் போயிடும்."

ஆறு மாத உழைப்பு கதவுவரை போய்க்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது இல்லை என்பது என் கையிலிருந்த காகிதத்துக்குத் தெரியும்.

மாமி சற்று யோசித்தார். "பாருங்கோ. மூக்கு இல்லாம பாருங்கோ."

மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்க அடுப்படியில ஸ்வாமிக்குக் காட்டறவரைக்கும் யாரும் ருசி பாக்கப்படாது, மோந்துகூடப் பாக்கப்படாது. சாம்பார்ல உப்பு சரியான்னு கொதிக்கற சத்தத்துலயே சொல்லிடுவேன்."

"ரெண்டு தரம் தப்பாச் சொன்னேள்" என்றார் மாமி.

மாமா காதில் விழாதவர்போல் கையைக் கழுவிவிட்டு வந்து, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி வீலைச் சுற்றிச் சுற்றி விரல் முட்டியால் தட்டினார். "இங்க கெட்டி. இங்கயும் கெட்டி. இந்த இடம் மட்டும் தொம்முன்னு இருக்கு. சந்தேகம்னா இங்கதான் பாக்கணும்."

மேடம் கம்பியை வெந்நீரில் கழுவித் துடைத்து, மாமா காட்டிய இடத்திலேயே இறக்கினார். உருவி எடுத்ததை எவர்சில்வர் தட்டில் வைத்தார். நடுவில் ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். நிறம் மாறவில்லை. தட்டை மேஜையிலேயே விட்டுத் தள்ளி நின்று, உள்ளங்கையால் காற்றை மட்டும் தன் பக்கம் வீசிக்கொண்டார். "லேப்ல பசங்களுக்கு முதல்ல சொல்லித்தர்றதே இதுதான் மாமி. எதையும் மூக்குக்கிட்ட கொண்டுபோகக் கூடாது."

"அந்தப் பசங்களோட இவரையும் உக்காத்தி வெச்சிருக்கலாம்" என்றார் மாமி.

கத்தியால் நறுக்கிய துண்டு ஒன்றை உள்ளங்கையில் வாங்கி, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் வாய்க்குள் போட்டுக்கொண்டார் மாமி. மென்றார். கூல் ரூம் கம்ப்ரஸர் நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தது. மேடத்தின் கை ஏப்ரன் நாடாவை முறுக்கிக்கொண்டிருந்தது.

"பெருங்காய டப்பாவைத் திறந்தாப்ல ஒரு வாசனை" என்றார் மாமி. "வெண்ணெய் காய்ச்சின பாத்திரத்து அடியைச் சுரண்டித் தின்னாப்ல இருக்கு." இன்னும் கொஞ்சம் மென்றார். "நன்னாருக்கு. இன்னொண்ணு போடுங்கோ."

4. பிறகு

ஞாயிறு மாலை மண்டபத்தில் கையுறை மாட்டிக்கொண்டு நானும் மேடமும் கவுண்டரில் நின்றோம். "இது என்ன ஸ்வீட்?" என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லும் முன் மாமி வந்துவிடுவார். "பெருங்காயம் தெரியறதா பாருங்கோ." எல்லோருக்கும் தெரிந்தது. ஐஸ்க்ரீமுக்கு முன்னால் எங்கள் சீஸ் பலகை காலியானது.

நான் முகர்ந்த வீலை மேடம் என் தலையிலேயே கட்டினார். ஒரு மாதம் எங்கள் வீட்டில் சீஸ் தோசை, சீஸ் அடை. சீஸ் உப்புமா வந்த அன்று நான் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. சாப்பிடப்போகிறவரிடம் உலகம் என்ன செய்கிறது என்று விளக்குவதற்கு முன்னால், "உங்கள் வீட்டில் எதைச் செய்யமாட்டீர்கள்?" என்று அவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு நிமிஷம்தான் ஆகும். எனக்கு எட்டு கிலோ ஆயிற்று.

அந்த ஞாயிறு இரவு மண்டபத்திலிருந்து காலிப் பலகையோடு ஆட்டோவில் திரும்பும்போது மேடம் பால்காரருக்குப் போன் போட்டார். "நாளைக்குப் பன்னீருக்குப் பாதி போதும். மீதிப் பால் வீலுக்கு. ஆமா, ஆறு வீல்." போனை வைத்துவிட்டு, "சார், காலைல அஞ்சு மணிக்கு வந்துடுங்க" என்றார்.

நாலே முக்காலுக்கே போய் நின்றேன்.