ஓரத்து வாயுவைக் கலக்குவது யார்

அவள் திருநின்றவூரில் ஏறுவாள், நான் ஆவடியில். லேடீஸ் பெட்டியில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். உட்கார்ந்ததும் சண்டை ஆரம்பித்துவிடும். இருவரும் நகரத்தில் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

நமக்கு அருகிலிருக்கும் விண்மீன் மண்டலங்களில், நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களில், வாயு எப்போதும் கொந்தளித்துக்கொண்டே இருக்கிறது. சும்மா விட்டால் அது அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் எதுவோ விடாமல் கலக்குகிறது. பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் சாவதுதான் காரணம் என்பது என் கட்சி. வெளியிலிருந்து வாயு மையத்தை நோக்கி மெல்லச் சரிகிறது, அந்தச் சரிவுதான் கலக்குகிறது என்பது அவள் கட்சி.

"உள்பக்கத்துக்கு நீ சொல்றது சரி. ஓரத்துல நட்சத்திரமே கம்மி. அங்கயும் வாயு அலையுதே, அத யாருடி கலக்குறா?" என்பாள். வில்லிவாக்கம் வரைக்கும் வேறு ஏதாவது பேசிச் சமாளிப்பேன்.

முப்பத்தாறு வயதில் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்றார்கள். கண்டுபிடித்தபோதே எலும்புக்குப் பரவியிருந்தது. ரயிலில் வருவது நின்றது. சனிக்கிழமைகளில் நான் எதிர்த்திசை ரயிலேறி அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மதுரைக்காரி, கணவர் திருநின்றவூர்க்காரர். அவர் குடும்பம் பயிர் வைத்த நிலமெல்லாம் மனையாகிவிட்டது. அவர் அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறார். மடியில் லேப்டாப்போடு அவள் கட்டிலில் சாய்ந்திருப்பாள். தலையில் பருத்தித் துண்டு. கால்களை அவர் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை பேசப் பேச அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்குத் தாங்கவில்லை. "சரி விடு, நீ சொல்றதுதான் சரியா இருக்கும்" என்றேன்.

லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"நான் சாகப்போறேன்னு ஒத்துக்கறியா?"

"அப்படி இல்லடி..."

"கணக்கு போட்டுட்டு ஒத்துக்க. இல்லாட்டி சண்டை போடு. இந்தப் பரிதாபம் மட்டும் வேணாம்."

அதனால் சண்டை போட்டேன். அவள் இருந்தவரைக்கும் எல்லாச் சனிக்கிழமையும் போட்டேன்.

ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள். அவர்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. கணவரும் அவர் தம்பிகளும் அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தார்கள்.

அதன்பின் தரவுகளை நான் தனியாகப் பார்த்தேன். மண்டலங்களின் உள்பகுதியில் வெடிப்புகளே போதுமானவையாக இருந்தன. ஓரப்பகுதிகளில் போதவில்லை. எப்படிக் கூட்டிக் கழித்தும் போதவில்லை. சரியும் வாயுவையும் சேர்த்தபோதுதான் கணக்கு நேரானது. யாருக்கும் போன் செய்யத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் கணவரின் வீட்டுக்குப் போய் எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னேன்.

"அப்போ அவ ஜெயிச்சிட்டாளா மேடம்?"

"பாதி, அண்ணா. உள்ள நான் சொன்னது, ஓரத்துல அவ சொன்னது."

"பாதிக்கெல்லாம் அவ ஒத்துக்கவே மாட்டா" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது. எழுந்து அடுப்படிக்குப் போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து டீயோடு வந்தார். "இன்னா மேடம், சக்கர போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

இதைக் கட்டுரையாக எழுதி, அவள் பெயரை முதலில் போட்டு ஆய்விதழுக்கு அனுப்பினேன். போன வாரம் மதிப்பீட்டாளரின் குறிப்புகள் வந்தன. மூன்றில் இரண்டுக்குப் பதில் எழுதிவிட்டேன். மூன்றாவது, ஓரத்து வாயு எங்கிருந்து வந்து சேர்கிறது என்ற கேள்வி. அதற்கு அவளிடம் ஒரு யோசனை இருந்தது. உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு விவரமாகச் சொல்கிறேன் என்றிருந்தாள்.