ஈசானி மூலைப் பச்சை

சாலவாக்கம் தாண்டி ஏரிக்கரை ஓரமாகப் பேருந்து திரும்பியபோது, நெல் பூக்கிற வாசனை உள்ளே வந்தது. வெந்த சோறும் இல்லை, கறந்த பாலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. எல்லோரும் மூச்சை ஆழ இழுத்தார்கள். நான் ஜன்னலை மூடினேன். இந்த வயதிலும் அந்த வாசனைக்கு முன்னால் என் முகம் சுருங்கிவிடுகிறது.

எழுபதுகளின் கடைசி. எங்கள் கிணற்று மோட்டாருக்கு அப்போதுதான் கரண்டு வந்திருந்தது. ஒயரைத் திருடுகிறார்கள் என்று மோட்டார் கொட்டகை மேல் நைனா ஒரு பெரிய பல்பு கட்டினார். பொழுது சாய்ந்தால் எரியும், விடிந்தால்தான் அணையும். "உத்திரமேரூரு பஸ்ஸுலேர்ந்தே தெரியுது நம்ம கொட்டா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். திருடனுக்காக எரிந்ததா, ஊருக்காக எரிந்ததா, தெரியாது.

கொட்டகையை ஒட்டிப் பக்கத்து வீட்டார் நிலம். அதன் ஈசானி மூலை எங்கள் பல்புக்கு நேர் கீழே. அந்த வருஷம் அவர்களுக்கு மருமகள் வந்திருந்தாள்; புள்ளலூர்ப் பெண், என் வயது. முதல் நாற்று முடியை மாமியார் அவள் கையில் கொடுத்தாள். "ஈசானி மூலைல வையிம்மா. ஒன் கைராசில வூடு நெறையட்டும்."

சேற்றில் வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, நட்டாள். வரப்பில் நின்று சிரித்த என்னைப் பார்த்து, ஊர் முறை வைத்து, "சிரி நாத்தனாரே சிரி. ஒனக்கும் ஒரு மாமியா வருவா" என்றாள்.

கார்த்திகைக் கடைசியில் அவர்கள் வயலில் சம்பா கதிர் வாங்கியது. அந்த மூலை மட்டும் கதிரே இல்லாமல், கரும்பச்சையாக, திமிராக நின்றது. எங்கள் பக்கம் புது ரக நெல், ஐ.ஆர்.எட்டு. அதே வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லாமல் விளைந்தது. அவள் மேல் பழி போட வேறென்ன வேண்டும்? "கை வெச்ச எடத்தப் பாரு, மலடு தட்டிக்கினு நிக்குது" என்று மாமியார் குழாயடியில் சொன்னாள்.

எங்கள் நெல்லைப் பார்க்க வந்த விவசாய ஆபீசர், மோரைக் குடித்துக்கொண்டே அந்தப் பச்சையைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே பல்பைப் பார்த்தார்.

"விடிய விடிய எரியுதா? அதாங்க. சம்பா ராத்திரிய அளந்துக்கினே இருக்கும். ராத்திரி நீண்டுச்சின்னா எலையில ஒரு சொரப்பு ஊறி, நுனிக்குப் போயி, கதிர் வையின்னு சொல்லும். வெளிச்சம் பட்டா ராத்திரியே வர்லன்னு நெனச்சிக்கும். ஐ.ஆர்.எட்டு இதெல்லாம் பாக்காது."

நைனா சிரித்து வைத்தார். அன்று சாயங்காலமே பல்பை அணைத்தார். அவ்வளவுதான்.

"போயி சொல்லிடலாம் நைனா."

"இன்னான்னு? எங்க பல்புதான் ஒங்க பயிர கெடுத்துச்சின்னா? நாளைக்கு கம்பத்தையே புடுங்கச் சொல்லுவானுங்க. வாய மூடிக்கினு கெட."

அவருக்குச் சோறு போடும்போது கை கூசியது. பயிருக்குக் கொடுக்காத இருட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம்.

நானே போய்ச் சொன்னேன். மாமியார் சிரித்தாள். "பல்பு எரிஞ்சா பயிரு பூக்காதா? அப்ப நெலா காஞ்சா இன்னா பண்ணும்? சிநேகிதிக்கு வக்காலத்தா? ஒங்க நைனா வந்து சொல்லட்டும், கேக்கறேன்."

நைனா போகவில்லை. தலைப்பொங்கலுக்கு முன்பே, கைராசி இல்லாதவள் என்று மருமகளைப் பிறந்த வீட்டுக்கு ஒரேயடியாக அனுப்பினார்கள்.

மாட்டுப் பொங்கலன்று அந்த மூலையை அறுத்து மாடுகளுக்குப் போட்டார்கள். ஒரு தண்டை எடுத்துப் பிரித்தேன். உள்ளே நகக்கண் அளவுக்கு வெள்ளையாக ஒரு கதிர். அதைக் கொண்டுபோய் நைனாவிடம் நீட்டினேன். அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கிளம்பிய நாள் இன்னும் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலேயே நிற்கிறது. அவள் அப்பா தகரப் பெட்டியோடு தள்ளி நின்றார், மகள் முகத்தைப் பார்க்காமல்.

"பல்ப அணச்சிட்டீங்கல்ல?"

"அணச்சாச்சி அண்ணி."

"அப்ப பயிருக்கு இருட்டு கெடச்சிருக்கும்."

வண்டி வந்தது. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் இருக்க, திரும்பினாள்.

"அந்த மூலைய அறுக்க வாணாம்னு ஒங்க நைனாவ ஒரு வார்த்த சொல்லச் சொல்லு நாத்தனாரே. லேட்டாவாச்சும் பூக்கும்ல?"