கோழிகளுக்குப் போட்ட வற்றல்

கோணிப்பையின் வாயை அவிழ்த்ததும் வெயில் பட்ட வைக்கோல்போல ஒரு வாசனை எழும்; வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே காய்ந்த பூசணித் துண்டுகள் ஓட்டுச் சில்லுகள்போலச் சலசலக்கும். சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த எங்கள் வீட்டுப் பின்புறத்தில், பள்ளி ஆசிரியையான ரெஜினா அத்தை ஏழு கோழிகள் வளர்த்தாள். முந்தைய ஆண்டு மழையில், புழுவும் பச்சையும் கிடைக்காமல், கூண்டில் அடைபட்டே மூன்று கோழிகள் செத்திருந்தன. இம்முறை ஒன்றைக்கூடச் சாகவிடுவதில்லை என்று அத்தை தீர்மானித்திருந்தாள்.

அந்த ஆண்டு பூசணிக்கொடி சுவரேறிக் காய்த்தது. தெரு முழுக்கக் கொடுத்து, கொடுத்தவர்களுக்கே மறுபடி கொடுக்கப் போனபோது, மீன் விற்கும் கன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்: "வாணாம் டீச்சர், போன வாரம் குட்த்ததே வூட்ல குந்திகினு கீது."

மிஞ்சியதை மழைக்காலத் தீனியாகக் காயவைப்பது என்று முடிவாயிற்று. அத்தை முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்தினாள். பூசணியை அரிந்து மொட்டைமாடியில் பரப்பியது அம்மா.

மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள் காலையில் முதல் பையைப் பிரித்தோம். கோழிகள் முண்டியடித்துத் தின்றன. மதியத்துக்குள் அவை தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமல் குடித்துக்கொண்டே இருந்தன, கால்கள் தள்ளாடின, கறுப்புப் பெட்டை சட்டியருகிலேயே சாய்ந்து செத்தது. மழைக்கு ஒதுங்கிய கன்னியம்மா ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், கோழிக்குக் கருவாடா போட்டு வெச்சிகீற?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "சேசுவே, வத்தல்னா உப்புத்தண்ணில போட்டுத்தானே எடுப்போம். கை அதுபாட்டுக்குச் செஞ்சிருச்சு."

மிச்சம் ஆறு கோழிகள். கடைத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வீட்டில் இருந்தது இரண்டு டப்பா முருங்கையும், உப்பேறிய பூசணி நான்கு பையும்தான்.

"கருவாட்ட ஊறப் போட்டு உப்பு எட்க்கிறதில்ல? அத்தியே செய்யேம்மா, அழுதுகினு நிக்கிறியே" என்றாள் கன்னியம்மா.

அம்மா அண்டாவைப் பின்கட்டு ஓட்டுக்கூரைத் தூம்பின் கீழே இழுத்து வைத்து, பூசணியை அதில் கொட்டினாள். ஓடு வழியாக இறங்கிய மழை, அண்டா நிறைந்து வழிந்து, உப்பைக் கரைத்துக்கொண்டு முற்றத்தில் ஓடியது. விறகுச் சிராய்போல் கிடந்த துண்டுகள் மெல்ல உப்பி, கொடியில் இருந்தபோதுகூட நான் பார்த்திராத ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்புவதைக் குடைக்கடியில் குந்தியபடி பார்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அம்மா ஒரு துண்டைத் தன் வாயில் போட்டு மென்றாள். "இன்னும் கரிக்குது" என்றால் துண்டுகள் அண்டாவுக்கே திரும்பும். பேசாமல் தலையசைத்தால்தான் கோழிகளுக்கு.

ஒரு வாரம் சூரியனே தெரியவில்லை. எட்டாம் நாள் கூண்டில் ஒரு முட்டை கிடந்தது. அத்தை அதைக் கிண்ணத்தில் உடைத்தாள். கரு அப்படியே அண்டாவில் கிடந்த பூசணியின் நிறம். அந்த மழையில் வேறு கோழி எதுவும் சாகவில்லை.

இப்போது அங்கே ஐந்து மாடிக் குடியிருப்பு. பூசணி காய்த்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கன்னியம்மாவின் குடும்பத்தைப் பெருங்குடிக்கும் அப்பால் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். முட்டை அட்டை அட்டையாக வருகிறது. எந்த மாதத்தில் உடைத்தாலும் அதே வெளிர்மஞ்சள். அம்மா இல்லை, நனைந்த புடவையோடு அவள் மென்று முடித்துத் தலையசைக்கும்வரை, கழுத்தை நீட்டிக் காத்து நின்ற அந்த ஆறு கோழிகளும் இல்லை.