நுஸைபாவும் ஆவுளியாவின் மூளையும்

மீமிசலில் மீன் இறங்குதளத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் ரியாசுதீன். பின்தெருவில் இருக்கும் நுஸைபாவைப் பற்றிச் சொல்ல உனக்கு என்னய்யா தகுதி என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான். அவள் இரண்டு வருஷம் அலைந்து சம்பாதித்த ஒன்றை ஒரே மத்தியானத்தில் நாசமாக்கியவன் நான்.

நுஸைபாவுக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டுக்காரர் குவைத்தில். இவள் தினமும் விடியக்காலை பஸ்ஸைப் பிடித்து புதுக்கோட்டையில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். மருந்தில் ஊறிய சதையைத் தலைமுடி கனத்துக்கும் குறைவாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்புக்குத் தயார் செய்வது அவள் வேலை. கை நடுங்கினால் போச்சு. அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

அங்கே டாக்டர் இலக்கியா என்று ஒரு அம்மா மூளையை அளக்கிற ஆராய்ச்சி நடத்துகிறார். மனிதன் மூளை, ஓங்கல் மூளை, ஆவுளியா மூளை மூன்றையும் ஒப்பிட வேண்டும். மேல்பட்டை எவ்வளவு கனம், மடிப்பு எத்தனை, உள்ளே செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்க்கிறார்கள். மனிதர்களுக்கு ஸ்கேன். அதற்கு எங்கள் பக்கத்திலிருந்து நாற்பது பேரைப் பிடித்துக் கொடுத்தது நுஸைபாதான். அந்த நாற்பதில் நானும் ஒருத்தன். மெஷினுக்குள் படுக்க வைத்து என் மூளையையும் அளந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதென்று டாக்டர் சொன்னதை என் மனைவி ரம்லத் பீவி இன்று வரை நம்பவில்லை. ஓங்கலுக்கு, அதாவது டால்பினுக்கு, கரையில் செத்து ஒதுங்கியதிலிருந்து எடுத்த மூன்று மூளைகள் இருந்தன. ஆவுளியாவுக்குத்தான் ஒன்றுமே இல்லை. ஆவுளியா என்றால் கடல் பசு. எங்கள் கடலில் புல் மேய்கிற பெரிய சாதுப் பிராணி.

அந்த ஆவுளியா மூளை மேல் நுஸைபாவுக்கு அப்படி ஒரு வெறி. சம்பளத்துக்கு வந்த வெறி இல்லை. அவளுடைய மகள் ஹஃப்சா. பதினொரு வயது. நமக்கெல்லாம் மூளை சுருக்கம் சுருக்கமாக மடிந்திருக்கும். ஹஃப்சாவுக்கு மடிப்பே விழாமல் கொழுக்கட்டை மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. பிறந்த எட்டாம் மாதம் வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்தபோது தெரிந்தது. நடக்க முடியாது, நாலைந்து வார்த்தைதான் பேசுவாள். வேலைக்குச் சேர்ந்த அன்று, ஆவுளியாவுக்கும் மூளை மடிப்பில்லாமல்தான் இருக்கும் என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். இவள் அன்று சாயங்காலம் நேராக என் கடைக்கு வந்து நின்றாள்.

"மடிப்பு இல்லாமலே அது நீந்துது, மேயுது, குட்டிக்குப் பால் குடுக்குது, எழுவது வருசம் உசுரோட இருக்குதாம்ண்ணே. எப்படின்னு நான் உள்ள பாக்கணும். பாத்தே தீருவேன்."

பார்ப்பது அவ்வளவு லேசா? சட்டம் போட்டுப் பாதுகாக்கிற பிராணி, ஆவுளியாவைத் தொட்டாலே வனத்துறை கேஸ். வலையில் சிக்கிச் செத்துவிட்டால் எங்கள் ஆட்கள் பயந்துபோய், கல்லைக் கட்டிக் கடலிலேயே இறக்கிவிடுவார்கள். நுஸைபா லீவு நாளெல்லாம் கரை கரையாகப் போய், "போன் மட்டும் போடுங்க, அதிகாரிக்கு முன்னாடி நான் வந்து நிக்கிறேன்" என்று கெஞ்சினாள். சிலர் மூஞ்சிக்கு நேரே சிரித்தார்கள். அவள் அடுத்த வாரமும் போனாள். அப்படி இரண்டு வருஷம் போன பிறகு, வலையில் ஆவுளியா ஒன்று செத்துக் கிடக்கிறது என்று நாகராசு என்கிற மீனவர் ஒருநாள் போன் போட்டார்.

அதிகாரிகள் வந்தார்கள், கால்நடை டாக்டர் வந்தார், எல்லாம் முறைப்படி நடந்தது. மண்டையைத் திறந்ததும் நுஸைபா மூளையைச் சேதமில்லாமல் எடுத்தாள். முந்நூறு கிலோ உடம்புக்கு இவ்வளவு சின்ன மூளையா என்று நான் வாயைப் பிளந்தேன். அதைப் பாலித்தீன் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். மூளையை ஊறவைக்கிற மருந்து கேன் வருகிற ஜீப் வழியில் பஞ்சர்.

"அண்ணே, குளுமையா வச்சிருங்க. கையெழுத்து வாங்கிட்டு இந்தா வாரேன்."

முப்பது வருஷமாக ஐஸ் கடை நடத்துகிறவனிடம் குளுமையாக வைக்கச் சொன்னால் என்ன செய்வான்? கேரளாவுக்கு அனுப்புகிற வஞ்சிரத்துக்குச் செய்வதைத்தான் செய்தேன். ஐஸை நொறுக்கிக் கொட்டி, அதன் மேல் நாலு கை கல்லுப்பை அள்ளிப் போட்டுப் பெட்டியை இறுக்கி மூடினேன். உப்பு விழுந்தால் ஐஸின் குளிர் பல மடங்கு ஏறும், மீன் கல் மாதிரி இறுகும். எங்கள் கரையில் குழந்தைக்குக்கூட இது தெரியும். நம்ம நுஸைபாவுக்கு நாம்தான் உதவினோம் என்று எனக்குப் பெருமை வேறு. கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிடப் போய்விட்டதால் அவள் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது. பெட்டியைத் திறந்தாள். பையைத் தொட்டாள். அவள் முகம் செத்துப்போனது.

"உப்பு போட்டீங்களா?"

"ஆமாம்மா. நல்லா இறுகிருச்சு பாரு."

பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உறைந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஊசி ஊசியாக இறுகி, செல்களைக் கிழித்துவிடும் என்று எனக்கு எங்கே தெரியும்? சீவிப் பார்த்தால் சல்லடைதான். அளக்க ஒன்றுமே மிஞ்சவில்லை. பத்தொன்பது நாள் என்னிடம் அவள் பேசவில்லை. எதிரே வந்தால் தெருவை மாற்றிப் போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து எதையோ பிடுங்கித் தின்றவன் மாதிரிக் கூனிக் குறுகிப் போனேன்.

இருபதாம் நாள் கடைக்கு வந்தாள். கையில் ஒரு தெர்மாமீட்டர்.

"ஒங்க மேல எனக்குக் கோவம் போகல. போகவும் போகாது. ஆனா இன்னொண்ணு கெடைச்சா மொதல்ல ஐஸ் வைக்கப் போறது நீங்கதான். அதனால கத்துக்கங்க."

உப்பு கூடாது. ஐஸில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிக் கூழாக்க வேண்டும். முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. பெரிய மீனின் தலையை வைத்து நாலு தடவை செய்து காட்ட வைத்தாள். மருந்து கேன் ஒன்றையும் என் கடையிலேயே பூட்டி வைத்தாள். வாத்தியாரிடம் அடி வாங்கிய பையன் மாதிரிச் செய்தேன்.

பிறகு பதினோரு மாதம் ஒன்றும் வரவில்லை. மார்ச்சோடு ஆராய்ச்சி முடிகிறது. ஆவுளியா கிடைக்காவிட்டால் அதை விட்டுவிட்டு எழுதி முடிப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நாகராசு போன் போட்டார்.

"பாய், வலையில ஒண்ணு செத்துக் கெடக்கு. போன தடவை என்னைய நாலு தடவை ஆபீசுக்கு இழுத்தடிச்சாங்க. பேசாம கல்லக் கட்டி விட்ரலாம்னு பாக்கேன்."

"நாகராசு, ஒங்க காலைப் பிடிக்கிறேன்யா. இங்கிட்டு கொண்டாங்க. இந்தத் தடவை ஆபீசுக்கு நான் வாரேன்."

அவர் கொண்டுவந்தார். ஹஃப்சாவுக்கு முதல் நாள் வலிப்பு வந்ததால் நுஸைபா அன்று லீவு. பிள்ளையைத் தனியே விட முடியாது. சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து என் கடை நிழலில் நிறுத்தினாள். தெருவில் நடக்கிற கல்யாணங்களுக்குக்கூட ஹஃப்சாவை வெளியே கொண்டுவராதவள் அவள். ஐஸ் நொறுக்கும் மெஷின் சத்தத்துக்கு ஹஃப்சா கைதட்டிச் சிரித்தாள்.

கால்நடை டாக்டரும் அதிகாரியும் வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். வெயில் கொளுத்தியது. ஆவுளியாவின் தலையைச் சுற்றி நான் ஐஸ் கூழைக் கொட்டிக்கொண்டே இருந்தேன், அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தன், "நாத்தம் கெளம்புறதுக்குள்ள பொதைச்சுத் தொலைங்கப்பா" என்று கத்தினான். நுஸைபா நிமிர்ந்தாள்.

"மூக்கைப் பொத்திக்கிட்டு அங்கிட்டுப் போங்க. இதைத் தொடணும்னா மொதல்ல என்னையத் தொடணும்."

அவன் போய்விட்டான். அன்று மூளையை எடுத்த அடுத்த நிமிஷம் அது மருந்தில் இருந்தது. ஆபீசுக்கு நாகராசோடு நானும் போனேன்.

மார்ச் கடைசி வாரம் ஆய்வுக்கூடத்துக்கு என்னையும் வரச்சொன்னாள். கம்ப்யூட்டரில் டாக்டர் இலக்கியா படத்தைக் காட்டினார். ஓர் ஓட்டைகூட இல்லை. வெளியே வழுவழுவென்று ஆவுளியாவின் மூளை. உள்ளே செல்கள் அடுக்கு அடுக்காக வரிசை பிசகாமல் இருந்தன. நான் சந்தோஷப்பட்டேன். நுஸைபா சந்தோஷப்படவில்லை.

"நுஸைபா, நீங்களே பாத்துருப்பீங்க. இதுல செல்லு எல்லாம் அது அது எடத்துக்கு வந்து சேந்துருக்கு. ஹஃப்சா மாதிரிப் பிள்ளைங்களுக்குப் பாதி வழியிலயே நின்னு போயிருது. வெளிய பாக்க ஒண்ணுபோல இருந்தாலும் ரெண்டும் வேற" என்றார் டாக்டர் மெதுவாக.

"தெரியும் மேடம். சாயம் ஏத்தி மொதல்ல பாத்ததே நான்தானே."

பிறகு அழுதாள். மறைக்கவில்லை. மூன்று வருஷமாக வைத்திருந்த நம்பிக்கை அது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் தரையைப் பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அவள் மேஜையில் இருந்த அட்டவணையை இழுத்தாள். ஆவுளியா ஒன்று. ஓங்கல் மூன்று. மனிதர் நாற்பது.

"மேடம், இந்த நாப்பதுல எம் பொண்ணு இல்லையே."

"அது நல்லா இருக்கிறவங்க மட்டும் உள்ள லிஸ்ட். நோய் இருந்தா சேக்க மாட்டோம். சராசரி மாறிப்போயிரும்."

"சராசரியில சேக்க வேணாம். தனியா ஒரு வரி போடுங்க. செத்துப்போன ஆவுளியாவுக்கு ஒரு வரி இருக்கு. அதுக்காக நான் கரை கரையா அலைஞ்சேன். எம் புள்ளை உசுரோட இருக்கா, அவளுக்கு ஒரு வரி இல்லையா?"

டாக்டர் அட்டவணையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கமிட்டியிடம் புது அனுமதி வாங்க வேண்டும், மாதக்கணக்காகும், கிடைக்காமலும் போகலாம் என்றார்.

"பாரத்தைக் குடுங்க. எத்தனை நடை நடக்கணுமோ நான் நடக்கிறேன்."

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு பாரத்தை எடுத்துக் கொடுத்தார். ஆவுளியாவுக்கும் ஓங்கலுக்கும் மனிதருக்கும் அதே பாரம்தான். முதல் வரியில் பெயர். ஹஃப்சா என்று எழுதினாள். அடுத்த வரியில் 'இனம்' என்று இருந்தது. ஒரு நொடி பேனா நின்றது. பிறகு 'மனிதர்' என்று அழுத்தி எழுதிவிட்டு, சாட்சிக் கையெழுத்துக்குத் தாளை என் பக்கம் தள்ளினாள்.